இருபது நொடி மௌனம், இரண்டு நொடி மறுப்பு

விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு தோற்கும்போது வரும் அறிவிப்புப் பெட்டியை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பலரும் பார்த்திருப்பார்கள். கீழ்க்கண்ட காரணங்களில் ஏதோ ஒன்றால் இணைய முடியவில்லை என்று சொல்லிவிட்டு அது மூன்றை வரிசையாகப் போடும்: அந்தக் கணினியில் தொலை அணுகல் இயக்கப்படவில்லை; அந்தக் கணினி அணைந்திருக்கிறது; அந்தக் கணினி நெட்வொர்க்கில் இல்லை. படித்து முடித்த பிறகும், படிப்பதற்கு முன் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்த வாசகத்தின் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். எதிர்முனையிலிருந்து பதில் வந்ததா, வரவே இல்லையா, வந்த பதில் 'முடியாது' என்பதா என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குத் தெரிந்த பிறகுதான் பெட்டியே திறக்கிறது. தெரிந்ததை விழுங்கிவிட்டு மூன்று ஊகங்களை நம் முன் வைக்கிறது. ஆனால் ஒரு தகவலை மட்டும் அதனால் மறைக்க முடிவதில்லை: 'கனெக்ட்' பொத்தானை அழுத்தியதற்கும் பெட்டி வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பது. பழகிய சிஸ்டம் அட்மின்கள் அந்த நேரத்தைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் வேர் 1990களில் இருக்கிறது. ஒரே விண்டோஸ் கணினியில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்யும் நுட்பத்தை சிட்ரிக்ஸ் நிறுவனம் கைவசம் வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 1997இல் அதற்கு உரிமம் பெற்று, 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஆர்.டி.பி., பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் டி.128 தரத்தை அடிப்படையாகக் கொண்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபஷனல் வந்தபோது சர்வர் அறையை விட்டு இது சாதாரண மேசைக் கணினிக்கும் இறங்கியது. ஹோம் பதிப்பு மட்டும் இன்றுவரை யாரையும் உள்ளே விடுவதில்லை. அதிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம், அவ்வளவுதான். கடையில் வாங்கிய மடிக்கணினியில் மணிக்கணக்காக 'கோளாறு' தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பின் பெயரை.

பொத்தானை அழுத்தியதும் நடப்பவை ஒரு வரிசையில் நடக்கின்றன. முதலில் கணினியின் பெயர் ஐ.பி. முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரியில் 3389 என்ற போர்ட்டில் டி.சி.பி. இணைப்பு ஏற்பட வேண்டும். அதன் மேல் மறையாக்கம். அதன் பிறகு 'நீ யார்' என்ற சோதனை. சில சர்வர்களில் அதற்கும் மேல் உரிமச் சோதனை. திரை கடைசியில்தான் வரும். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்த பின்பே தொடங்குவதால், எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால் அதற்கு முந்தையவை எல்லாம் நலம் என்றும் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு தவறு என்று ஒரு சர்வர் சொல்கிறதென்றால், அது உயிரோடு இருக்கிறது, ஃபயர்வால் வழிவிட்டிருக்கிறது, போர்ட் திறந்திருக்கிறது. அப்படி வந்த பிறகும் கேபிளைப் பிடுங்கிச் செருகுபவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

இந்தப் படிகளில் இரண்டாவதில்தான் சங்கதி அதிகம். டி.சி.பி. இணைப்பு மூன்று சிறு பாக்கெட்டுகளில் தொடங்குகிறது. 'பேசலாமா' என்று நாம் ஒன்று அனுப்புகிறோம். 'பேசலாம்' என்று அங்கிருந்து ஒன்று வருகிறது. 'சரி' என்று நாம் மூன்றாவதை அனுப்புகிறோம். இதில் தோல்வி இரண்டு விதம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது 'அவர் இங்கே இல்லை' என்று உள்ளிருந்து குரல் வருவது ஒன்று. எவ்வளவு தட்டினாலும் சத்தமே வராதது இன்னொன்று. முதல் வகையில் எதிர்முனைக் கணினி மறுப்புப் பாக்கெட் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. விண்டோஸ் ஓரிரு முறை மீண்டும் கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு நொடியில் கைவிடுகிறது. இரண்டாவது வகையில் பதிலே இல்லை. விண்டோஸ் காத்திருந்து மறுபடி அனுப்பும், இன்னும் கூடுதலாகக் காத்திருந்து மறுபடி அனுப்பும். சுமார் 20 நொடி கழித்துத்தான் தோல்வி என்று ஒப்புக்கொள்ளும்.

ஒன்றிரண்டு நொடியில் மறுப்பு வந்தால் அது நல்ல செய்தி. கணினி விழித்திருக்கிறது, பாதை திறந்திருக்கிறது, 3389இல் கேட்டுக்கொண்டிருக்க மட்டும் ஆளில்லை. ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கலாம், அந்தச் சர்வீஸ் நின்றுபோயிருக்கலாம், யாராவது போர்ட் எண்ணை மாற்றியிருக்கலாம். அமைப்பை நாம் இயக்கி வைத்தாலும் மறுபடி மறுபடி அணைந்தால், தலைமை அலுவலகத்தின் குரூப் பாலிசி நம் கையை மீறி அதை அணைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெட்டி சொல்லும் முதல் காரணம் இது. 20 நொடி இழுத்தால் சந்தேகம் மற்ற இரண்டின் மேல் போக வேண்டும்; கூடவே, பெட்டி பெயர் சொல்லாமல் விட்ட நான்காவதின் மேலும். அது ஃபயர்வால். பாக்கெட்டை மறுத்துத் திருப்பி அனுப்பாமல் சத்தமில்லாமல் குப்பையில் போடுவதுதான் பெரும்பாலான ஃபயர்வால்களின் பழக்கம். வெளியிலிருந்து துழாவுகிறவனுக்கு 'இங்கே ஒரு கணினி இருக்கிறது' என்பதுகூடத் தெரியக்கூடாது என்பது அதற்குப் பின்னால் உள்ள எண்ணம். அதே மௌனம் வீட்டுக்காரரையும் குழப்புகிறது.

இந்த நேரக்கணக்கை இன்னும் துல்லியமாகப் பார்க்க பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' என்ற கட்டளை இருக்கிறது. கணினியின் பெயரையும் 3389 என்ற எண்ணையும் கொடுத்தால், போர்ட் திறந்ததா என்று ஒரு வரியில் சொல்லும். ஆனால் நம்மவர்கள் அதற்கு முன் ஓடுவது பிங்கிடம். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் அது. நெட்வொர்க் உலகில் அதைவிட நன்றாக உழைத்த கருவி குறைவு. அதைவிட அதிகமாகத் தவறாகப் படிக்கப்பட்டதும் குறைவு. பிங் போகவில்லை என்றால் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் தராமல் ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் அனுமதிக்க முடியும். அப்படி இருக்கும் அலுவலகங்கள் ஏராளம். பிங் போகிறது என்றாலும், கணினி இருக்கிறது என்பதற்கு மேல் 3389 பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பிங்கில் இன்னொரு வேடிக்கை. நம் நெட்வொர்க்கிலேயே இருக்கும் கணினி அணைந்திருந்தால், விண்டோஸ் பிங் 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கி ஒரு முகவரியைக் காட்டி, 'சேரிடத்தை எட்ட முடியவில்லை' என்று முடிக்கும். அந்த முகவரியை உற்றுப் பாருங்கள். அது நம் சொந்தக் கணினியின் முகவரி. கடைசியில் வரும் கணக்கில் இதையும் பதில் வந்ததாகச் சேர்த்து, இழப்பு 0 சதவீதம் என்று எழுதிவிடும். அந்தச் சுழியத்தை நம்பி 'பிங் நன்றாகப் போகிறது' என்று சத்தியம் செய்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

மௌனத்துக்குக் காரணம் தூக்கமா, ஃபயர்வாலா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஒரே நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் பேசத் தொடங்குமுன், ஐ.பி. முகவரிக்குரிய கார்டின் மேக் முகவரியை ஏ.ஆர்.பி. என்ற முறையில் கேட்டறிகின்றன. விண்டோஸ் ஃபயர்வால் இந்தக் கேள்வியைத் தடுப்பதில்லை. ஆகவே இணைப்பு தோற்றதும் கட்டளைச் சாளரத்தில் ஏ.ஆர்.பி. பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த ஐ.பி.க்கு எதிரே மேக் முகவரி இருந்தால் எதிர்முனை மின்சாரத்தோடு இருக்கிறது; மௌனத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் ஃபயர்வால். இல்லாவிட்டால் அணைந்திருக்கிறது, தூங்குகிறது, அல்லது வேறு இடத்துக்குப் போய்விட்டது. சில நெட்வொர்க் கார்டுகள் மட்டும் கணினி தூங்கும்போதும் ஏ.ஆர்.பி.க்குத் தாமே பதில் சொல்லும். அத்தகைய கணினியில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

தூக்கம்தான் இந்தக் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது, மிக அலட்சியமாகத் தாண்டப்படுவதும் அதுவே. மாலையில் வேலை செய்தது, இரவில் இணையவில்லை, காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால், மின்சேமிப்பு அமைப்பில் 'ஸ்லீப்' எத்தனை நிமிடம் என்று பார்த்தால் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். ஆளில்லாமல் எழுப்ப 'வேக்-ஆன்-லேன்' உண்டு. ஆறு பைட்டுகள் முழுக்க ஒன்றுகளால் நிரப்பி, அதன் பின்னால் அந்தக் கார்டின் மேக் முகவரியைப் பதினாறு முறை அடுக்கி, மொத்தம் 102 பைட் கொண்ட செய்தியை நெட்வொர்க் முழுக்க ஒலிபரப்புவார்கள். தூங்கும் கார்டு தன் முகவரியைக் கண்டதும் கணினியை எழுப்பும். ரவுட்டர்கள் பொதுவாக இந்த ஒலிபரப்பைத் தாண்ட விடாது. பக்கத்து மேசையிலிருந்து எழும் கணினி வேறு கட்டடத்திலிருந்து எழாததற்கு அதுவே காரணம்.

ஃபயர்வாலுக்கு வருவோம். விண்டோஸ், தான் சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கை மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துகிறது: நிறுவன டொமைன், தனியார், பொது. ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள். அலுவலகத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பை டொமைனுக்கு மட்டும் அனுமதித்திருப்பார்கள். அது சரியான முடிவும்கூட. இரவில் அப்டேட் முடிந்து கணினி மறுதொடக்கம் ஆகும்போது, டொமைன் கன்ட்ரோலரை உரிய நேரத்தில் எட்ட முடியாமல் போனால், தான் ஏதோ ரயில் நிலைய வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 'பொது' விதிகளைப் பூட்டிக்கொள்ளும். யாரும் எந்த அமைப்பையும் தொடவில்லை. நேற்று வேலை செய்தது இன்று 20 நொடி மௌனம். நெட்வொர்க் கார்டை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் சரியாகிவிடும் விசித்திர நோய் இது. அதனாலேயே காரணம் தெரியாமல் 'தானாகச் சரியானது' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

பெயர் முகவரியாக மாறும் முதல் படி உடைந்தால் பெட்டியின் வாசகம் வேறு: அந்தப் பெயருள்ள கணினியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நேராகவே சொல்லிவிடும். சிக்கல், பெயர் மாறாதபோது இல்லை, தவறாக மாறும்போது வருகிறது. அலுவலகக் கணினிகளுக்கு டி.எச்.சி.பி. முகவரிகளைத் தவணைக்குத் தருகிறது. விண்டோஸ் சர்வரில் இயல்பான தவணை 8 நாள். விடுமுறைக்குப் போன ஒருவரின் முகவரி இன்னொருவருக்குப் போயிருக்கும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பதிவேட்டில் பழைய கணக்கே நிற்கும். நாம் பெயரைத் தட்டினால் இணைப்பு வேறொருவர் மேசைக்குப் போகும். அங்கே நமக்கு அனுமதி இருக்காது; பாஸ்வேர்டு கெட்டுவிட்டதோ என்று நினைப்போம். இதைக் காட்டிக்கொடுக்கும் ஓர் எச்சரிக்கை உண்மையில் வருகிறது: சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று. ஆனால் விண்டோஸ் தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொள்ளும் சான்றிதழ்களால் நாள்தோறும் ஏதாவது எச்சரிக்கை வந்து, 'யெஸ்' அழுத்தப் பழகிய விரல் இதையும் அழுத்திவிடும்.

பெயரை விட்டுவிட்டு ஐ.பி.யைக் கொடுத்துப் பார் என்பது இதற்கு வழக்கமான அறிவுரை. நல்ல சோதனைதான். ஆனால் பெயரோடு போனால் டொமைனில் கெர்பரோஸ் என்ற முறையில் அடையாளம் சோதிக்கப்படும், ஐ.பி.யோடு போனால் பொதுவாகப் பழைய என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கும். பாதுகாப்புக்காக என்.டி.எல்.எம்.மை மூடிய நிறுவனங்களில், பெயரால் போகும் இணைப்பு ஐ.பி.யால் போகாது.

கெர்பரோஸுக்கு நேரம் முக்கியம். இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், இயல்பான அமைப்பில் அது நம் அடையாளச் சீட்டை ஏற்காது. பழைய சீட்டைத் திருடி மறுபடி காட்டும் மோசடியைத் தடுக்க வைத்த எல்லை அது. மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்த பழைய கணினியோ, நேரத்தைத் தவறாக வாங்கிக்கொண்ட விர்ச்சுவல் சர்வரோ இதில் மாட்டும். நேர வேறுபாட்டைச் சுட்டிக்காட்டும் தனி அறிவிப்பு இதற்கு உண்டு.

அடையாளப் படியில் இன்னொரு வலை, நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன். விஸ்டா காலத்தில் வந்தது. உள்நுழைவுத் திரையைக் காட்டுவதற்கு முன்பே யார் என்று சோதித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பாஸ்வேர்டு காலாவதியானவர், 'அடுத்த முறை மாற்றியே ஆக வேண்டும்' என்று குறிக்கப்பட்டவர் ஆகியோர் மாற்றும் திரையைப் பார்க்கவே உள்ளே போக முடியாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் வெளியூரிலிருந்து வேலை கொடுத்தால் இதுதான் நடக்கும்.

2018 மே மாதம் இந்தப் படியில் ஒரே நேரத்தில் உலகம் முழுக்க அலுவலகங்கள் தடுக்கி விழுந்தன. அடையாளத்தைக் கடத்தும் கிரெட்எஸ்எஸ்பி நெறிமுறையில் ஒரு ஓட்டை இருந்தது. மார்ச் 13 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது, கட்டாயப்படுத்தவில்லை. மே 8 அப்டேட்டில் இயல்பு அமைப்பை மாற்றியது: திருத்தப்பட்ட கணினி, திருத்தப்படாத சர்வரோடு பேச மறுக்கும். மேசைக் கணினிகள் தாமாக அப்டேட் ஆகிவிட்டன. 'ஓடுகிறதைத் தொடாதே' என்ற கொள்கையில் சர்வர்கள் பழையபடியே நின்றன. காலையில் வந்தவர்களுக்குப் புரியாத வாசகத்தில் ஒரு பிழை. சர்வரை அப்டேட் செய்வதுதான் மருந்து. பலர் தேர்ந்தெடுத்ததோ, 'பாதிக்கப்படக்கூடியது' என்றே பெயரிட்ட அமைப்பைத் தம் கணினியில் இயக்கிவிட்டு வேலையைத் தொடர்வதை.

உரிமப் படியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிர்வாக வேலைக்கு விண்டோஸ் சர்வர் இரண்டு பேரை ஒரே சமயத்தில் இலவசமாக விடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி உரிமம். அதை வாங்கிப் பதிவு செய்ய 120 நாள் அவகாசம். நான்கு மாதம் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒருநாள் எல்லோரையும் வெளியே நிறுத்தினால் நாட்காட்டியைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு கடைசிப் படியில் வருகிறது. இணைப்பு ஏற்படுகிறது, பாஸ்வேர்டு ஏற்கப்படுகிறது, பிறகு கறுப்புத் திரை. அலுவலகத்துக்குள் வருவதில்லை, வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக வந்தால் மட்டும் வருகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். வி.பி.என். ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறையில் போடுவதால் உள்ளே கிடைக்கும் இடம் குறைகிறது. அளவு மீறிய பாக்கெட்டைக் கண்ட ரவுட்டர், 'சிறிதாக்கி அனுப்பு' என்று ஒரு ஐ.சி.எம்.பி. செய்தியைத் திருப்பியனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி எல்லா ஐ.சி.எம்.பி.யையும் யாரோ அடைத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சின்னவை, போய்விடும். திரைப் படத்தைச் சுமக்கும் பாக்கெட்டுகள் முழு அளவு, மறைந்துவிடும். பிங்கில் 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. அது போகாமல் 1300 போனால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

2020 மார்ச் ஊரடங்கில் வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் தொடும் பழக்கம் பரவியபோது இன்னொன்றும் பரவலானது. வீட்டு ரவுட்டர்கள் பலவும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. சிறிய அலுவலகங்களும் அதையே வைத்திருக்கின்றன. தனியார் நெட்வொர்க்குகளுக்கென 1996இல் ஒதுக்கிய முகவரிகள் இவை, யாரும் எங்கும் பயன்படுத்தலாம். அலுவலகத்தின் 192.168.1.25ஐக் கேட்டால், அது இங்கேயே இருக்கிறது என்று நம் கணினி வீட்டுக்குள் தேடும், பாக்கெட் வி.பி.என். பக்கம் திரும்பவே திரும்பாது. அலுவலகத்தின் முகவரி வரிசையை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அலுப்பான வேலை என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள்.

உதவி மையத்துக்கு 'ரிமோட் கனெக்ட் ஆகலை' என்று மட்டும் சொன்னால் அவர்கள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எத்தனை நொடியில் பெட்டி வந்தது, அதில் எழுதியிருந்தது என்ன, அதே கணினிக்குப் பக்கத்து இருக்கைக்காரரால் போக முடிகிறதா, நம்மால் வேறொரு கணினிக்குப் போக முடிகிறதா என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை தொலைபேசியிலேயே முடியும்.

கோளாறைவிட எனக்குக் கவலை தருவது அவசரத்தில் செய்யும் வைத்தியம். ஃபயர்வாலை முழுக்க அணைத்தால் இணைப்பு வரும். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனை நீக்கினால் வரும். வி.பி.என். தொல்லையே வேண்டாமென்று ரவுட்டரில் 3389ஐ இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டாலும் வரும்; நமக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இந்த வழியாக நடக்கும் ஊடுருவல்கள் பெருகுவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2018 செப்டம்பரிலேயே பொது எச்சரிக்கை விட்டது. 2019 மே 14 அன்று புளூகீப் என்ற ஓட்டை அறிவிக்கப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியே உள்ளே நுழைந்து, கணினியிலிருந்து கணினிக்குத் தானாகப் பரவ இடம் தரும் ஓட்டை அது. 2014இல் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகத் திருத்தம் வெளியிட்டது. போர்ட்டை 3390 என்று மாற்றி வைத்துவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. துழாவும் நிரல்கள் எல்லா எண்களையும் துழாவுகின்றன. உங்கள் அலுவலக ரவுட்டரில் 3389 வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் இன்றே கேளுங்கள். திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள்; வி.பி.என். வழியாகச் சுற்றி வருவதற்கு ஆகும் கூடுதல் நேரம் சில நொடிதான்.